பத்து நட்டு

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் "அக்கா, இது கொஞ்சம்..." என்று இழுப்பதற்குள் மெக்கானிக் அக்கா ப்ளக்கைக் கழற்றியிருப்பாள். "மேடு ஏறினா இருமுது, இறங்கினா விக்குது. அதானே? போய் டீ குடிச்சிட்டு வாங்க." தன் வண்டியின் கதையை முழுதாகச் சொல்லி முடித்தவர் அந்தக் கடை வரலாற்றிலேயே கிடையாது. இரண்டு தெரு தள்ளி வரும் சத்தத்தை வைத்தே வண்டியின் வியாதியைச் சொல்வாள். ஓட்டுகிறவர் வீட்டில் அன்று சண்டையா என்பதையும் சேர்த்துச் சொல்வாள் என்று பேச்சு. நம்பாதவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

கோபத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் ஒருமுறை போட்ட சத்தத்தில் எதிர்க்கடைப் பூட்டுகள் சாவியில்லாமலே திறந்துகொண்டனவாம். பூட்டுக் கடைக்காரரே சொன்னது. அவர் கூட்டிச் சொல்லியிருந்தாலும் ஒன்றிரண்டு பூட்டுதான் கூடியிருக்கும்.

அந்தக் கோபமெல்லாம் இப்போது மகளைச் சுற்றி வேலி கட்டி நிற்கிறது. நாலரை வயது. பழைய டயர் ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு "தண்ணி", "வா", "சக்கரம்" என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பேசும் பெண். தெருவில் போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் வைத்தியர்கள். நாக்கில் தேனைத் தடவு என்பார் ஒருவர், செல்லம் அதிகம் என்பார் இன்னொருவர். ஒரு வாடிக்கையாளர் குழந்தையின் காதுபடவே, "என்னக்கா, பாப்பா வாய்க்கு சாவி தொலைஞ்சு போச்சா?" என்று சிரித்தார். அக்கா, கழற்றிய முன்சக்கரத்தை அவர் கையில் கொடுத்து, மிச்ச வண்டியைத் தெருவில் சாய்த்து வைத்தாள். மனிதர் சக்கரத்தைக் குழந்தைபோல இடுப்பில் தூக்கிக்கொண்டு இன்னொரு கடை தேடிப் போனார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது நடந்ததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. "வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்ட தலைமையாசிரியை, குழந்தை மூச்சை இழுப்பதற்குள் "பேச வராதுபோல" என்று கோப்பை மூடிவிட்டார். பள்ளி திறக்குமுன் இன்னொருமுறை அழைத்து வரலாம், முழுசாக ஒரு பதில் வந்தால் இடம், இல்லாவிட்டால் வேறு பள்ளி என்றார்.

பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் அக்கா இந்தக் கதையைக் கொதித்துக் கொதித்துச் சொன்னாள். டீச்சர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அதற்குள் மகள் மேஜைமேல் இருந்த பொம்மையைப் பார்க்க, அக்கா பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்துக் கொடுத்தாள்.

"பேச்சு தாமதமானது உங்க தப்பு இல்லைங்க," என்றார் டீச்சர். "ஆனா இப்ப அவ கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டீங்க. அவ ஒரு வார்த்தை சொன்னா, நீங்க அதோட ஒண்ணு கூட்டிச் சொல்லுங்க. திருப்பிச் சொல்லுன்னு கட்டாயப்படுத்தாதீங்க. பத்து எண்ணி சும்மா இருங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரிலுள்ளவர்களையெல்லாம் திட்டியவள் அன்று சாயங்காலம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அவளை முந்திக்கொள்ள ஊரில் யாரும் இல்லை என்ற பெருமை அன்றோடு போயிற்று.

மனசுக்குள் எண்ணினால் கோபம் மூன்றிலேயே பத்தைத் தொட்டுவிடும். ஆகவே சட்டையின் இடப்பக்கப் பையில் பத்து நட்டு. ஒவ்வொன்றாக வலப்பக்கப் பைக்கு மாற வேண்டும். அதுவரை உதடு பிரியக் கூடாது.

"சக்கரம்," என்பாள் மகள்.

"பெரிய சக்கரம்." ஒரு நட்டு, இரண்டு நட்டு. வாடிக்கையாளர் ஹாரனை அடித்தாலும் அடிக்கட்டும். ஒன்பதாவது நட்டில் ஒருநாள் வந்தது: "பெரிய சக்கரம் சுத்து."

"பெரிய சக்கரம் வேகமா சுத்துது," என்றாள் அக்கா. மறுபடி பத்து.

இன்னொரு நாள் அக்கா "பச்சை வண்டி" என்று கூட்டிச் சொல்லிவிட்டு எண்ண, எட்டாவது நட்டில் குழந்தை வாயைக் குவித்த நேரம் பார்த்துப் பூட்டுக் கடைக்காரர் ஆசையாக, "ஆமாம்டா கண்ணு, பச்சை வண்டி போகுது," என்று முடித்து வைத்தார். அக்காவின் கையிலிருந்த ஸ்பேனர் டப்பாவில் விழுந்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. "உதடுவரைக்கும் வந்த பேச்சுண்ணே. நீங்க முழுங்கிட்டீங்க." அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம் வாயைக் கையால் பொத்திக்கொண்டே போகிறார்.

மூன்று மாதம் கழித்து அதே பள்ளிக்கூடம், அதே கோப்பு.

"அம்மா என்ன வேலை பார்க்கறாங்க?" என்றார் தலைமையாசிரியை.

குழந்தை மேஜை விளிம்பைத் தடவியது. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பரவா..."

அக்கா பையில் கைவிட்டுப் பத்து நட்டையும் கோப்பின்மேல் பரப்பினாள். வெள்ளைத் தாளில் கிரீஸ் ஊறியது. தலைமையாசிரியையின் கண்ணை நேராகப் பார்த்தபடி முதல் நட்டை விரலால் நகர்த்தினாள். பிறகு இரண்டாவது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, சத்தம்தான் வரவில்லை. நாலு, ஐந்து. தலைமையாசிரியை திறந்த வாயை மூடிக்கொண்டார். ஆறு.

ஏழாவது நட்டு நகர்ந்தபோது மகள் நிமிர்ந்தாள். "அம்மா... கத்திக்கிட்டே வண்டி ரிப்பேர் பண்ணுவாங்க."

தலைமையாசிரியை பேனாவின் மூடியைக் கழற்றி, கிரீஸ் படாத இடம் தேடி எழுதத் தொடங்கினார். அக்கா அதைப் பார்க்கவில்லை. இன்னும் மூன்று நட்டு மிச்சமிருந்தது. மகளின் உதட்டைப் பார்த்தபடி எட்டாவதை நகர்த்தினாள்.