அம்மா மழையில் விட்ட வண்டி

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளை, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு முற்றத்தில் அவர் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே நிற்கவிட்டாள் அம்மா. வெள்ளைக்காரன் காலத்துச் சீமை வண்டி. ஐப்பசி மழைக்கு முன்பு நான் போர்த்திய தார்ப்பாயை மறுநாளே உருவி விறகின் மேல் போர்த்தினாள்.

"புருஷன் வச்ச எடத்துல இருந்து நகத்தவிடலையே, எம்புட்டுப் பாசம்!" என்று தெரு மெச்சியது. மெச்சுவதற்குச் சாட்சி எதுவும் தேவையில்லை.

நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது, மாங்காய் ஊறுகாய் ஜாடியில் மிஞ்சிய உப்புநீரை அம்மா பெட்ரோல் டேங்க் மீது நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்றே?"

"பொறவு எங்கலே ஊத்த? செடிக்கு ஊத்துனா பட்டுப்போயிரும்லா."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா தோப்பிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும். அது வாசலை அடைவதற்குள் அம்மா இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் ஹாரன் அடிக்க நேர்ந்தால் அன்று சோறு தட்டோடு சுவரில் மோதும். சில நாள் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அம்மா இருப்பாள். காய்ச்சல், பிரசவம் போன்ற விலக்குகள் அந்த விதியில் இல்லை.

இதையெல்லாம் என் அண்ணன் பார்த்ததில்லை. சின்ன வயதிலிருந்தே ராஜபாளையத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்து, அங்கிருந்தே பட்டாளத்துக்குப் போனவன். விடுமுறையில் வந்தால் அப்பா அவனைப் பின்னால் உட்காரவைத்துக் கடைவீதியைச் சுற்றிவருவார்; பட்டாளத்து மகன் ஊருக்குக் காட்டத்தக்க பொருள். அந்த நாட்களில் தட்டுகள் பறக்காது. அண்ணனுக்குக் கிடைத்தது வருடத்துக்கு ஒரு மாத அப்பா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வுபெற்று ராஜபாளையத்திலேயே குடியேறினான். அப்பாவின் மீசையை அப்படியே வளர்த்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் குரல் உடைந்தது.

"ஏலே தம்பி, அப்பா வண்டிய இப்படியா துருப்பிடிக்க விடுவீக? புதுசாக்கிருவோம்."

"அவிய வச்ச எடத்துலயே நிக்கட்டும்ய்யா. தொடாத" என்றாள் அம்மா.

அவன் கண் கலங்கியது. தெருவின் கருத்தே அவன் கருத்தும்.

தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. ஆதாரம் கேட்டான். மருத்துவச் சான்று, காவல் நிலையப் புகார் எதுவும் அம்மாவிடம் இல்லை. முறைப்படி பார்த்தால் அப்பா நல்லவர்.

இருந்தாலும் நான் தைரியமாக இருந்தேன். வண்டியை அவன் பெயருக்கு மாற்ற இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும். அம்மா கையெழுத்துப் போடமாட்டாள். ஆனால் கையெழுத்து பெயரை மாற்றத்தான். வண்டியைத் தூக்கிப் போக ஒரு டெம்போ போதும். அம்மா வ. புதுப்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், அண்ணன் அதைச் செய்தான்.

திரும்பிவந்த அம்மா, எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியிருந்த தரையைப் பார்த்தாள்.

"எடைக்குப் போட்டாச்சாலே?"

நான் பேசவில்லை. பதில் வராததைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அந்த இடத்தைக் கொத்தி ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டாள். அதற்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். உப்புநீர் சாக்கடைக்குப் போனது.

ராஜபாளையத்துப் பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட், டேங்கில் தங்கநிறக் கோடு, கைப்பிடிக்கு நிக்கல் பூச்சு. சைலன்சரையும் மாற்றினால் சத்தம் குறையும் என்றார் மெக்கானிக்.

"எதை வேணா மாத்துங்கய்யா. சத்தம் மட்டும் எங்கப்பா வண்டிச் சத்தமா இருக்கணும்" என்றான் அண்ணன். காதைச் சாய்த்து நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருத்தச் சொன்னான். சரியாக வந்தபோது பட்டறைக் கேட் திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிறு மதியம். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தெருமுனையில் சத்தம் கேட்டது.

எழுபதை எட்டியவள்; மூட்டுவலிக்காரி. சோற்றுக்கையோடு எழுந்து ஓடினாள். தட்டு காலில் இடறி உருண்டது. கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து, முந்தானையை இழுத்து மூடி, தலைகுனிந்து ஒதுங்கி நின்றாள். வண்டி உள்ளே வந்தது. கறிவேப்பிலைக் கன்று முன்சக்கரத்துக்கு அடியில் போயிற்று.

"பாத்தியாலே தம்பி! வேண்டாம் வேண்டாம்னவ எம்புட்டு ஆசையா ஓடியாந்துருக்கா!" என்று சிரித்தான் அண்ணன்.

அம்மா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். மீசை தெரிந்தது. அதன்பிறகுதான் மகன் முகம் தெரிந்திருக்க வேண்டும். அவன் காபி குடித்துக் கிளம்பினான். போனபின், சிதறிய சோற்றை வழித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"அவிய செத்துட்டாகன்னு சான்று வாங்குனியே, நல்லாப் படிச்சுப் பாத்து வாங்குனியாலே?"

வண்டியில் வராதே என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "அம்மாவுக்கு இருக்கிற ஒரே சந்தோசம் அதுதானலே" என்றான். ஞாயிறுதோறும் வந்தான். அம்மா இருந்தவரை ஒருநாள்கூட அவன் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கவில்லை.