சட்டையை மட்டும் அனுப்பியவர்

மேசைமேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையை விரித்துப் போட்டார் ராணியம்மா.

“தொவைக்கலைங்க மேடம். நேத்து பூரா அவரு போட்டிருந்தது.”

தர்மபுரிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் சைக்காலஜிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் அறை ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுதான் இது என்று நினைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். ஆளுக்குப் பதிலாகச் சட்டை வந்தது அதுதான் முதல் தடவை. குறி சொல்கிறவரிடம் போனால் ஆள் வரவேண்டியதில்லை, உடுத்திய துணி போதும். அதே வழக்கத்தில் அந்த அம்மா என்னிடமும் கொண்டுவந்துவிட்டார்.

“சட்டைய வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? இஸ்திரியா போடறது?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சிரிக்கவில்லை, அழுதுவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. உட்காரவைத்து விசாரித்தேன்.

கணவர் பெயர் மாதையன், லாரி டிரைவர். சேலம் போகிற வழியில் தொப்பூர் மலை இறக்கத்தில் ஒரு விபத்து நடந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒரே மகள் கவிதா, தானாக ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு சேலத்தில் இருக்கிறாள். வளைகாப்புக்கு இவர் போகவில்லை. தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டிய தலைப்பிரசவம் மாமியார் வீட்டோடு முடிந்தது. பேத்தி பிறந்தும் போய்ப் பார்க்கவில்லை.

“ரயில்ல போலாம், சுத்து வழில போலாம், எல்லாஞ் சொல்லிப் பாத்தாச்சுங்க. சேலம்னாலே எந்திரிச்சுப் போயிடறாரு. கோவமா, காத்து கருப்பு ஏதாச்சும் அண்டிடுச்சா, ஒண்ணும் தெரியலைங்க. தீர்த்தமலைக்குப் போயி தீர்த்தம் ஆடிட்டும் வந்துட்டோம். ‘எங்கப்பா என்னைத் தலை முழுகிட்டாரு’ன்னு புள்ள அழுவுதுங்க.”

“அவரையே கூட்டிட்டு வாங்க. இங்க ஊசியும் கிடையாது, மந்திரமும் கிடையாது. பேசறதுக்கு ஆள் வேணும்” என்று அனுப்பினேன்.

ஆள் வந்தார்

அடுத்த வாரம் மாதையன் வந்து வாசலிலேயே நின்றார்.

“மூஞ்சியப் பாத்தே மனசுல இருக்கறதச் சொல்லிடுவீங்களாமே?”

“அந்த வித்தை தெரிஞ்சா நான் ஏங்க இந்தப் புழுக்கத்துல உக்காந்திருக்கேன்? உள்ள வாங்க அண்ணா.”

கேட்ட கேள்விக்கெல்லாம் ராணியம்மாவே பதில் சொன்னார். நம் பக்கம் அப்படித்தான், நோயாளிக்கு வாயே தேவைப்படாது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் முதல் நாள் சொல்வதை இவரிடமும் சொன்னேன். ஒரு செஷன் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் மற்றவர்களிடம் சொல்வேன். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லவேண்டாம். மாத்திரை தேவைப்பட்டால் சைக்கியாட்ரிஸ்ட் எழுதித் தருவார், அது என் வேலை இல்லை. ஒரே நாளில் சரியாகாது. சில நாள் இங்கிருந்து போகும்போது வந்ததைவிடப் பாரமாகக்கூட இருக்கும்.

“பைத்தியம்னு எழுதிட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

அன்று அவர் மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் மட்டுமே பேசினார். பேசட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

“கோவிந்தன் என் சினேகிதங்க, அவனும் டிரைவர்தான். அன்னிக்கு என்கூட சும்மா வந்தான். ‘டீ குடிச்சிட்டுப் போலாம்டா’ன்னான். நான்தான் எறக்கம் தாண்டிக் குடிக்கலாம்னேன். பின்னாடி வந்த வண்டிக்கு பிரேக் புடிக்கல. எனக்குக் கை முறிஞ்சதோட சரி. அவன் அங்கயே போயிட்டான்.”

தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்த பிறகு கேட்டேன்.

“அந்த எறக்கத்துல போகப் பயம்னு வூட்டுல சொன்னீங்களா?”

“கோவம்னா ஊருல மதிப்புங்க மேடம். பயம்னா சிரிப்பாங்க. அதான் புள்ள மேல கோவம்னு எல்லாரும் நெனச்சப்ப, நெனச்சிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்.”

டோல்கேட்டோடு நின்றது

இப்படிப்பட்ட பயத்துக்கு நாங்கள் எக்ஸ்போஷர் என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். பயப்படுகிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகுவது. முதலில் அறையிலேயே அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்கினார். பிறகு இறக்கத்துக்கு முன்னால் இருக்கும் தொப்பூர் டோல்கேட் வரை போனார். அதற்கு மேல் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அங்கேயே இறங்கித் திரும்பிவிடுவார். எனக்கும் அதற்குமேல் வழி தோன்றவில்லை.

“அண்ணா, இப்பவும் கவிதா உங்களுக்குக் கோவம்னுதானே நெனச்சிட்டு இருக்கு?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஆமாங்க” என்றார். பிறகு மனைவியை உள்ளே கூப்பிடச் சொன்னார். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“கண்ணு, அப்பாவுக்கு உம்மேல கோவமே இல்ல. பயம். சேலம்னு சொன்னாலே அந்த எறக்கந்தான் நெனப்புக்கு வந்து மூச்சு அடைக்குது.”

ராணியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா? நீங்க வரவே வேணாம். நானே பாப்பாவத் தூக்கிட்டு நாளைக்குக் கார்ல வந்துடறேன்.”

மாதையன் சடாரென்று எழுந்துவிட்டார். “ஐயோ வேணாம்! அந்த ரோட்டுல பச்சப்புள்ளையோட நீ வராத. நான் வர்றேன்.”

சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல எங்கள் இருவரையும் பார்த்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், பயத்தை முழுசாக எடுத்துவிட்டுத்தான் ஆளை அனுப்புவது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் ஏறக்குறைய அப்படி நினைத்தவள்தான். ஓய்வுக்குப் பிறகும் என்னைத் தேடி வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கெல்லாம், மறு வாரம் மாதையன் வந்து சொன்னதை, அவருடைய அனுமதியோடு, சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“எறக்கம் பூரா பயந்துக்கிட்டேதான் போனேங்க மேடம். போயி பேத்தியப் பாத்துட்டேன்.”