நாய்க்குக் கடுதாசி போடுகிற மென்பொருள்

இந்த ஊரில் நாய்க்கும் தபால் வருகிறது. அடுத்த வீட்டு நாய் ரோஸியின் பெயருக்கு வந்த அட்டையைத் தபால்காரர் என் வீட்டில் போட்டுவிட்டார். 'அன்புள்ள ரோஸி, உனக்கு ஊசி போடும் நாள் நெருங்கிவிட்டது' என்று கையால் எழுதியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்து வீட்டம்மாள் சிரிக்கவில்லை. நாய் மருத்துவமனையில் ஒரு பெண் சனிக்கிழமை முழுக்க இதைத்தான் எழுதுகிறாள், அப்படியும் பாதி அட்டை தாமதமாகத்தான் வருகிறது என்று குறைபட்டுக்கொண்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வட இங்கிலாந்தில் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக மென்பொருள் எழுதி விற்கத் தொடங்கியிருந்தேன். 'உங்கள் ஆட்களின் மளிகைக்கடைகளுக்கு எழுதுங்களேன்' என்றார் வங்கி மேலாளர். அதை நம்பிச் சரக்கு இருப்பு பார்க்கும் மென்பொருளை எழுதினேன். ஒவ்வொரு கடையிலும் தேநீர் கொடுத்தார்கள், பாராட்டினார்கள், வாங்கவில்லை. கை நீட்டினால் எட்டுகிற சரக்குக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

பசுவந்தனையில் எங்களுக்குக் கரிசல் நிலம். எழுபதுகளில் என் அண்ணன் கோவில்பட்டியில் மோட்டார் பம்புசெட் கடை வைத்தான். பசுவந்தனையிலும் நாகலாபுரத்திலும் மழையை நம்பிப் பருத்தி போடுகிறவர்கள். கிணறே இல்லாதவர்களுக்குப் பம்புசெட் விற்கப் பார்த்தான். பஜாரே சிரித்தது. கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணாச்சி, மருந்தடிக்கிற மிஷினுக்கு வாசர் இருக்கா?" ஒரு போகம் முழுக்க இல்லையென்று சொல்லிச் சொல்லி அலுத்தவன், மோட்டார்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மருந்துத் தெளிப்பான் பழுதுபார்க்க உட்கார்ந்தான். சிரித்தவர்களே தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

ரோஸியின் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். என்ன பிராணி வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். ஊரில் இரண்டு காளைகள் இருந்தன என்றேன். காளைக்குத்தான் வைத்தியம் கேட்கிறேன் என்று நினைத்து, அதற்கு வேறு மருத்துவர் என முகவரி எழுதத் தொடங்கினார். அட்டைகளைக் கம்ப்யூட்டரே அச்சடிக்கும் என்று விளக்கியதும், பின்னால் அட்டை எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். மளிகைக்கடைகளில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

வங்கி மேலாளர் கடன் தர மறுத்தார். உங்களிடம் நாய்கூடக் கிடையாதே என்றார். "உங்களிடமும் மளிகைக்கடை கிடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கணவரின் சம்பளத்தில் வீடு ஓடியது. நான் எழுதி முடித்தேன். முதலில் ரோஸியின் மருத்துவர், பிறகு அவர் சொல்லிப் பக்கத்து ஊர் மருத்துவர்கள் என்று வாங்கினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஏட்டி, நாய்க்குக் கடுதாசி போடுததுக்கா இங்கனருந்து அங்கன போன?"

"ஆமாண்ணே. இவிய கேக்குதாவ, நான் விக்கிதேன். இதுல என்ன கேவலம்?"

"விடாதட்டி" என்றான்.

இப்போது ஊர் ஊராகப் போய் விற்கிறேன். போகிற இடமெல்லாம் மழை. பேச்சைத் தொடங்குமுன் மழையைத் திட்டுவது இங்கே மரியாதை. அவர்கள் மொழியில் விலை பேசுகிறேன், வாதாடுகிறேன், எனக்குப் பொருந்தாததை முகத்துக்கு நேரே மறுக்கிறேன். மழையைத் திட்ட மட்டும் வாய் வருவதில்லை. கதவருகே குடையை மடக்கியபடி, நனைந்த தரையைப் பார்த்து, இது விதைப்புக்குக் காணுமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.