நூறாவது டப்பா

என் பெயருக்குப் பக்கத்தில் நூறு என்ற எண் நான்கு மாதம் நின்றது. அதில் ஒன்று பொய். அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஆகுமென்று தோன்றவில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை மரப்பொந்திலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்துவைத்துவிட்டு, இடத்தை ஒரு செயலியில் குறித்துவைப்பார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, செயலியில் 'கிடைத்தது' என்று பதிய வேண்டும். எண்ணிக்கை ஒன்று கூடும். பரிசெல்லாம் கிடையாது. 'கிடைக்கவில்லை' என்று பதியவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு எண்ணிக்கை கூடாது.

"டப்பா தேடறதுக்கு ஊட்டி வரைக்கும் போகோணுமா? நம்மூட்டுச் சமையக்கட்டுல எத்தனை டப்பா கெடக்குது, அதுல நாலைக் கழுவி வெச்சாலும் புண்ணியமாப் போகுமுங்க" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஒருமுறை ஊட்டியில் அவளையும் பிள்ளைகளையும் படகுக்கு வரிசையில் நிற்கவைத்துவிட்டு, நான் ஒரு பெஞ்சுக்கு அடியில் தலையைவிட்டுக் கிடந்தேன். போலீஸ்காரர் வந்து என்னவென்று கேட்டார். சாவி தொலைந்துவிட்டது என்றேன். பாவம், அவரும் குனிந்து தேடினார்.

இப்படிப் பைத்தியம் பிடிக்க என்ன காரணம் என்று பிறகு நிறைய யோசித்தேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். இருபது வருஷமாக மணிக்கு ஒருதரம் போர்டில் எண் எழுதுகிறேன். குறைந்தால் திட்டு விழும். கூடினால் மறுநாள் டார்கெட்டைக் கூட்டிவிடுவார்கள். என் கண் முன்னால் எத்தனை லட்சம் பனியன் பெட்டிக்குள் போய்க் கப்பலேறியிருக்கும்! எதிலும் என் பெயர் கிடையாது. செயலியில்தான் முதன்முதலாக என் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. ஏழு எட்டானது, எட்டு ஒன்பதானது. அதைக் குறைக்க யாராலும் முடியாது என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு என்ன காரணமோ, எனக்கு இதுதான்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் அதே கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடும்பத்தோடு நிலைத்துவிட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கம்பெனி முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவருடைய ஒரே மகள். ஜெர்மனிக்குப் படிக்கப் போனவள், அங்கேயே வேலை தேடிக்கொண்டு, கூட வேலை செய்த நம்மூர்ப் பையனையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

வெளிநாட்டில் பத்தாயிரம் டப்பா தேடியவர்கள் இருக்கிறார்களாம். நம் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றுக்காகக் கோயம்புத்தூர், இன்னொன்றுக்காகப் பாலக்காடு என்று அலைய வேண்டும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் தொண்ணூறைத் தாண்டவே ஐந்து வருஷமானது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. எங்கள் சண்டையெல்லாம் நூறை யார் முதலில் தொடுவது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "தம்பி, ஒண்ணு எடுத்துட்டேன், பாத்தியளா?" என்பார். எனக்கு அதற்குமேல் இட்லி இறங்காது. அவருக்கு முழங்கால் வலி வந்து நடை குறைந்தபோது, 'ஐயோ பாவம்' என்று நினைப்பதற்கு முன்னால் 'இனி நான் முந்திவிடலாம்' என்றுதான் நினைத்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் தொண்ணூற்றொன்பதில் இருந்தேன். அவர் தொண்ணூற்றேழு. எனக்கு எட்டும் தூரத்தில் பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. கொமரலிங்கத்தில், அமராவதி ஆற்றங்கரையில், ஒரு மருத மரத்துப் பொந்தில் இருந்த டப்பா. அதை வைத்தது அண்ணாச்சியின் மகள். அவர்கள் வீட்டு விஷயம் என்று அதுவரை நான் அதைத் தேடிப் போகாமல் விட்டுவைத்திருந்தேன்.

அந்த டப்பாவின் கதையை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மகள் வெளிநாடு போகிறேன் என்றதும் இவர் வீட்டையே இரண்டாக்கியிருக்கிறார். இரண்டு நாள் சாப்பிடவில்லை, அவளிடம் பேசவும் இல்லை. அவள் போவதற்கு முந்தின வாரம், தோழி ஊரான கொமரலிங்கத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அந்த டப்பாவை வைத்தாள். நோட்டின் முதல் பக்கத்தை அவரிடம் நீட்டி, "நேர்ல பேசாட்டி இதுல எழுதுங்கப்பா. நான் திரும்பி வந்து இதே இடத்துல வெச்சுப் படிக்கேன்" என்றாளாம். அவர் ஒரு பக்கம் எழுதினார். எழுதியதை மடித்து, கம்பெனியிலிருந்து கொண்டுபோன டேக் கன்னால் நாலு மூலையிலும் பின் அடித்தார். பனியனில் விலைச்சீட்டு மாட்டும் அதே பிளாஸ்டிக் பின். தேடி வருகிறவர்கள் அடுத்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம், அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. அவளும் படிக்காமலே விமானம் ஏறினாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி என் டேபிளுக்கு வந்தார். "ஆத்தங்கரை மரத்தையெல்லாம் கழிக்காங்கன்னு கேள்விப்பட்டேன் தம்பி. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. ஒங்களுக்கும் நூறாச்சு. டப்பா இல்லன்னா மட்டும் சொல்லுங்க, ஒரு காரப் பிடிச்சாவது நான் வந்து தேடிருதேன்" என்றார். தன்னை நான் முந்துவதற்கு அவரே வழி காட்டினார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பல்லடம், உடுமலை வழியாக வண்டியில் போனேன். மரம் இருந்தது. கிளைகளைக் கழித்திருந்தார்கள். பொந்து காலியாக இருந்தது. வேரடியில், புல்லில், பக்கத்து மரங்களில் என்று ஒன்றரை மணி நேரம் தேடினேன். பிறகு கரையோரம் இருந்த டீக்கடையில் வந்து உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த விளையாட்டில் வெளியாளிடம் டப்பாவைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைச்சல்.

எங்கள் பேக்கிங்கில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டிக்கு ஐம்பது பீஸ் என்றால் ஐம்பது இருக்க வேண்டும். ஒன்று குறைந்து, லாரியும் வாசலில் நின்றால், வேறு லாட்டில் மிச்சம் கிடக்கும் ஒரு பீஸை எடுத்து, நிறம் ஏறக்குறைய ஒத்துப்போனால், நடுவில் சொருகிவிடுவோம். மேலேயும் வைக்க மாட்டோம், அடியிலும் வைக்க மாட்டோம். பார்க்க வருகிறவர் மேலே இரண்டு, கீழே இரண்டு எடுத்துப் பார்ப்பார். எண்ணிக்கை சரியாக இருக்கும். பெட்டியை ஒட்டிவிடுவோம். இருபது வருஷத்தில் இதை நான் தப்பென்று நினைத்ததே இல்லை, சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

வண்டிப் பெட்டியில் காலி பட்டன் டப்பா ஒன்று கிடந்தது. ஒரு பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தைக் கிழித்து, என் பெயரும் தேதியும் எழுதி, மடித்து உள்ளே போட்டேன். திரும்பப் போய்ப் பொந்தில் வைத்தேன். மறுபடியும் டீக்கடைக்கு வந்து, இன்னொரு டீ வாங்கிக்கொண்டு, 'கிடைத்தது' என்று பதிந்தேன். நூறு என்று வந்தது. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், இல்லையென்று சொன்னால் மட்டும் திரும்ப வரவா போகிறது, அண்ணாச்சி மனசு நோகும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை அண்ணாச்சி ஒரு பெட்டி தூத்துக்குடி மக்ரூனோடு வந்தார். என் செக்‌ஷன் பெண்கள் எல்லாருக்கும் கொடுத்தார். "நூறு அடிச்சிட்டாரு ஒங்க சூப்பர்வைசரு" என்று என் முதுகில் தட்டினார். பிறகு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்.

"டப்பா பத்திரமா இருக்கா தம்பி? அந்தப் பக்கம்?"

"இருக்குங்க அண்ணாச்சி. பின் அடிச்சது அடிச்சபடியே இருக்குதுங்க."

"மழை பெஞ்சுதே. மை ஊறலியே?"

"இல்லீங்க. வெளிய தெரியற வரைக்கும் ஒரு எழுத்துக் கலையலீங்க."

அவர் முகம் கொஞ்சம் கூச்சப்பட்டது. "பிரிச்சுப் படிச்சிட்டியளோ?"

"அடுத்தவங்க எழுத்தை நான் படிப்பனுங்களா அண்ணாச்சி?" என்றேன். என் யோக்கியதைக்கு ஒரு நற்சான்றிதழும் வாங்கிக்கொண்டேன்.

"படிச்சாலும் தப்பில்ல. ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன? 'நீ போறேன்னு சொன்ன அன்னைக்கு ஒன்னைய ஏசுனது கோவத்துல இல்ல தாயி, பயத்துல'ன்னு ஆரம்பிச்சிருப்பேன். மிச்சத்த அவ வந்து படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு கட்டிங் டேபிளுக்குப் போனார். என் வாயில் மக்ரூன் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

மாசியில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வந்த மூன்றாம் நாள் கொமரலிங்கம் போக வேண்டும் என்றாள். "கடைசியா டப்பாவப் பாத்தவரு தம்பிதான், அவரும் வரணும்" என்றார் அண்ணாச்சி. வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. வழி நெடுக அந்தப் பெண் புருஷனிடம் நோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உடுமலை தாண்டட்டும் என்றிருந்தேன், தாண்டியதும் ஊர் வரட்டும் என்றிருந்தேன்.

அவளே பொந்தில் கைவிட்டு எடுத்தாள். பட்டன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்பா, இது நம்ம டப்பா இல்லியே." காகிதத்தைப் பிரித்தாள். அதில் ஒரே ஒரு பெயர். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அண்ணாச்சிக்குக் கண்ணாடி கையில் இல்லை. "தம்பி வந்தப்ப இருந்துச்சு தாயி. அவரு பொய் சொல்ல மாட்டாரு. அதுக்கப்புறம் எவனோ மாத்தி வச்சிருக்கான்" என்றார். வெயிலில் நிற்க முடியாமல் அவரே மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்கு ஏறி, அந்த அம்மாவிடம் விசாரித்தார். நான் ஒருபோதும் கேட்காத கேள்வியை அவர் வாய் திறந்த முதல் நிமிஷமே கேட்டுவிட்டார்.

"பச்சை டப்பாவுங்களா? நோட்டு வெச்சது? ஆமாங்க, மரங் கழிச்ச ஆளுக கொண்டாந்து குடுத்தாங்க. செய்வினையோ என்னமோன்னு பயந்துட்டாங்க. ஆராச்சும் தேடிட்டு வருவாங்கன்னு சக்கரை டின்னுக்குப் பக்கத்துலயே மூணு மாசமா வெச்சிருந்தனுங்க. ஆரும் வல்லீங்க. பொங்கலுக்கு ஊட்டைச் சுத்தம் பண்ணையில பழைய பேப்பரோட போட்டுட்டனுங்களே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த அண்ணன் அப்ப இங்கதானுங்க ரெண்டு டீ குடிச்சிட்டுப் போனாரு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பனுங்களே" என்றாள்.

"மரம் எப்பம்மா கழிச்சாங்க?" என்றார் அண்ணாச்சி.

"பொரட்டாசிலீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தார்.

"மை ஊறலன்னு சொன்னியளே தம்பி?"

"தப்புப் பண்ணிட்டனுங்க அண்ணாச்சி" என்றேன். எதற்காகப் பண்ணினேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன, அவரும் தொண்ணூற்றேழில் நின்றவர்தான்.

திரும்பும்போது நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பல்லடம் வரும்போது பின்னால் அவள் குரல் கேட்டது. "போகட்டும்பா. என்ன எழுதியிருந்தீங்கன்னு இப்ப வாயால சொல்லுங்க."

"மறந்து போச்சு தாயி. ஒடம்பப் பாத்துக்கன்னு எழுதியிருப்பேன்" என்றார்.

அவள் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்ணாலும் பார்க்காத எனக்கு அதன் முதல் வரி தெரிந்திருந்தது. யாருக்காக எழுதப்பட்டதோ அவளுக்குத் தெரியாது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். தொண்ணூற்றொன்பது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அண்ணாச்சி இன்னும் தொண்ணூற்றேழில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போன் வருவதில்லை. கம்பெனியில் எதிரே பார்த்தால், "வாங்க சார்" என்கிறார்.

அவர் மகள் திரும்பிப் போய்விட்டாள். அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. அப்பா உன்னை ஏசியது கோபத்தில் இல்லை, பயத்தில் என்று பலமுறை அடித்து, அனுப்பாமலே அழித்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். அவர் சொல்ல மாட்டார். ஒரே ஒருமுறை எழுதிக் கொடுத்திருந்தார்.