மார்பகக் கிளினிக்கில் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன்பு மலேசியாவில், அலோர் ஸ்டாரில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு ஊர் திகாம் பத்து. சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. பதினைந்து வயதிலிருந்தே எனக்கு மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் பெரிதாக இருந்தது. உடம்பு இளைத்தாலும் அது மட்டும் குறையவில்லை. எந்த வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமாக இரண்டு பனியன் போடுவேன். ஆப்பரேஷன் செய்து குறைத்துவிடலாம் என்று எங்கள் ஊர் டாக்டர் சொல்லி அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்ததும் சம்மதித்தேன். மனைவி கூட வருகிறேன் என்றாள். வெட்கத்தில் வேண்டாம் என்று தனியாகக் கிளம்பிவிட்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அது மார்பகக் கிளினிக். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பெண்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று அப்பாயின்ட்மென்ட் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஓர் அக்கா இருந்தார். மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்.

"வைஃப காட்ட வந்தீங்களா தம்பி?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. "ஆமாக்கா, எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒரு பக்கத்த எடுத்துட்டாங்க. பாருங்க, நல்லாத்தானே இருக்கேன். பயப்படாதீங்கலா" என்றார். வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்வதாகச் சொல்லி, என் மனைவியின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுத் தன் கார்டின் பின்னால் எழுதிக்கொண்டார். வீட்டில் நன்றாக இருப்பவளுக்கு என் வாயாலேயே நோயை வரவழைத்துவிட்டேனே! இனி எப்படி மாற்றிச் சொல்வது?

அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். அக்கா எனக்கு முன்பே எழுந்து, இவர் மனைவி வரும்வரை அடுத்த நம்பரைக் கூப்பிடக் கூடாது என்று தாதியிடம் மலாயில் சண்டைக்கே போய்விட்டார். தாதி ஃபைலைப் பார்த்தார். என்னைக் கைகாட்டி, நோயாளியே இவர்தான் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒன்றும் புரியாமல் நின்றார்.

டாக்டர் ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்தார். வெளியே வந்ததும் அப்படியே நழுவிவிடலாமா என்றுதான் நினைத்தேன். ஆனால் என் மனைவியின் பெயர் அக்கா கையில் அல்லவா இருக்கிறது! போய் உண்மையைச் சொன்னேன்.

"நல்லா இருக்கிற பொண்ண ஏன் இதுல இழுத்தீங்க? புத்தி இருக்கா?" என்று வெளுத்து வாங்கினார். பெயரைப் பேனாவால் அழுத்தி அடித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதே பேனாவைப் பிடித்தபடி, "சரி, உங்க பேரு நட்சத்திரம் சொல்லுங்க" என்றார்.

"எனக்கு நோயெல்லாம் இல்லக்கா..."

"கத்தி வைக்கப் போறாங்கல்ல? சொல்லுங்கலா."

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ஒரே பனியனோடு வேலைக்குப் போகிறேன். அந்த அக்காவை அப்புறம் பார்க்கவே இல்லை. அன்றைய குழப்பத்தில் அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் அவருக்காக அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போய், ஐயர் "யாரு பேருக்கு?" என்று கேட்டால், என்ன பெயர் சொல்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறேன்.