என் மடையில் மச்சானின் சட்டை

எங்கள் வயல் சனீஸ்வரர் கோயிலுக்குக் கீழே, ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் முதல் மடையில் இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் மேலே முழுக்குப் போட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பார்த்தால் சனி கூடவே வந்துவிடுமாம். அதனால் அந்தத் துணியெல்லாம் எங்கே போகிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மடையில் வந்து அடைத்துக்கொள்ளும். நான் இழுத்துப் போட்ட வேட்டி, நைட்டிகளை வைத்துச் சின்னமனூரில் ஒரு ஜவுளிக்கடையே திறக்கலாம். சனி விலகுமோ என்னவோ, பாலியெஸ்டர் மக்குவதில்லை. துணி அடைத்தால் தண்ணீர் நின்று நாறும். மடையருகே கொஞ்சம் மணல் மிச்சமிருக்கிறது, அங்கேதான் அயிரை ஒதுங்கும். மற்ற இடமெல்லாம் எங்கிருந்தோ வந்த ஜிலேபிக் கெண்டை பட்டா வாங்கிவிட்டது. இந்தக் குட்டி மீனும் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. அயிரைக் குழம்பும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்.

போன ஆடியில் என் மனைவியின் அண்ணன் திருப்பூரிலிருந்து ஏழரைச் சனியைக் கழிக்க வந்தார். அங்கே சாயப்பட்டறைத் தண்ணீரை எதிர்த்து மேடையேறிப் பேசுகிறவர்.

"மச்சான், நல்லாக் குளிங்க, கும்பிடுங்க. துணிய மட்டும் ஆத்துல விடாம வீட்டுக்குக் கொண்டாந்துருங்க" என்றேன்.

"சனிய வீட்டுக்குக் கொண்டாரச் சொல்றீகளா மாப்ள? எல்லாரும்தான் விடுறாக. என் ஒரு சட்டையிலயா ஆறு கெட்டுப்போகும்?"

"எங்கண்ணன் நல்லா இருந்தா இவுகளுக்குப் பொறுக்காது" என்றாள் மனைவி. மச்சான் துண்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். அன்று மாலையே அவர் லேசான மனதோடு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை வயலில் தண்ணீர் ஏறவில்லை. மடைக்குள் கையை விட்டு இழுத்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்கு நானே அவருக்கு எடுத்துக் கொடுத்தது. சனிக்குக் கொடுக்க அவருக்கு வேறு சட்டையே கிடைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கரையிலேயே நின்று போன் போட்டேன்.

"மச்சான், உங்க சட்டை இங்கன வந்து சேந்துருச்சு."

அவர் பதறினார்: "அய்யய்யோ, கையால தொட்டீகளா மாப்ள? மொதல்ல அத ஆத்துல விடுங்க!"

போனை வைத்துவிட்டுச் சட்டையை உதறினேன். சுருண்டிருந்த அதன் கைக்குள்ளிருந்து அயிரைகள் கொட்டின. அவசரமாக அள்ளித் தண்ணீரில் விட்டேன். ஒன்றுகூட நீந்தவில்லை.