நானும்தான் தொட்டுப் பார்த்தேன்

ஒரே பாத்ரூமுக்குள் மூன்று பேர் நின்று பேசிப் பார்த்திருக்கிறீர்களா? போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டில் அது நடந்தது. நான், எலக்ட்ரீஷியன் பாஸ்கர், கதவருகே பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக என் மனைவி வசந்தா.

செம்மண்டலத்தில் இந்த வீட்டைக் கட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. பாத்ரூம் தன் வயதைக் காட்ட ஆரம்பித்திருந்தது. டைல்ஸில் விரிசல், மூலையில் பாசி, கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பிப்போய்... எவ்வளவு நாள்தான் பொறுப்பது? மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவெடுத்தோம். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் இரண்டு சாயங்காலம் அலைந்து டைல்ஸ் பார்த்தோம். நான் வெள்ளை என்றேன், அவள் சாம்பல் நிறம் என்றாள். சாம்பல் நிறம் வந்து இறங்கியது. இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

இடிப்பதற்கு முன்னால் பழைய ஹீட்டரைக் கழற்ற வேண்டும். ஷவருக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி மாட்டிய சின்னப் பெட்டி. குழாயைத் திறந்து சுவிட்சைப் போட்டால் உடனே வெந்நீர் கொட்டும். வாங்கும்போது வெள்ளையாக இருந்தது. இப்போது கழுவாமல் விட்ட டீ டம்ளரின் நிறம்.

பாஸ்கருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் அரை பதில் சொல்கிற ரகம். ஹீட்டரைக் கழற்றும் முன் சுவிட்சைப் போட்டுவிட்டு, குழாயின் மேல் டெஸ்டரை வைத்தார். டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி விளக்கு எரிந்தது. ஷவரில் வைத்தார். அங்கேயும் எரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், இதுல ஷாக் அடிக்கலையா?"

"இல்லையே..." என்றேன்.

வசந்தா என்னைப் பார்க்கவில்லை. வெளியே அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியாதா?

பேப்பரில் இந்தப் பத்தியை ரொம்ப நாளாகப் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நான்கு வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் 'எங்கள் வீட்டுத் தொட்டாற்சிணுங்கி' என்று ஒன்று எழுதினேன்.

குளிக்கப் போனால் குழாய் சுருக்கென்கிறது என்று அப்போது வசந்தா சொல்லிக்கொண்டிருந்தாள். "எறும்பு கடிச்சாப்ல இருக்குதுங்க. சில நாளு ஜாஸ்தியா இருக்குது" என்பாள். நான் பொறுப்பான கணவன் அல்லவா? உடனே போய்ப் பரிசோதித்தேன். குழாயைத் திறந்தேன், ஹீட்டரைப் போட்டேன், அவள் கண் முன்னாலேயே இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமே இல்லை.

"பாரு, எனக்கு அடிக்கலையே... உனக்கு மட்டும் எப்படி அடிக்கும்? எல்லாம் மனசுலதான்" என்றேன்.

அவள் இன்னும் இரண்டு மூன்று முறை சொன்னாள். நானும் இரண்டு மூன்று முறை தொட்டுக் காட்டினேன். அப்புறம் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீர்ந்த பிரச்னையைப் பத்திக்காரன் சும்மா விடுவானா? எழுதினேன். குழாயைக் கண்டால் நடுங்கும் மனைவி, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் வீரக் கணவன்... நன்றாகத்தான் வந்திருந்தது. கடிதங்கள் குவிந்தன. அதில் ஒன்று குமராட்சிப் பக்கத்திலிருந்து. 'எங்கள் வீட்டிலும் இதே புராணம்தான் சார். உங்கள் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டினேன். அதோடு வாயை மூடிக்கொண்டாள். மிக்க நன்றி' என்று எழுதியிருந்தார் அந்த வாசகர். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக ஃபைலில் வைத்தேன்.

அடுத்த மாதமே சிதம்பரத்தில் வசந்தாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கீழ வீதிப் பக்கம் மண்டபம். அவள் பிறந்து வளர்ந்த ஊர். கோயிலைச் சுற்றி நான்கு வீதியிலும் அவளுக்கு உறவு உண்டு. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அவளுக்கு அத்தை முறை ஆகும் ஒரு பெண்மணி வந்து தோளைத் தொட்டார். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "எம்மாடி... ஷாக் அடிக்குதுடி" என்றார். வரிசையே சிரித்தது. சாம்பார் வாளியோடு வந்தவரும் சிரித்தார். வசந்தாவும் சிரித்தாள். நான்? என் எழுத்து சிதம்பரம் வரைக்கும் எட்டியிருக்கிறதே என்ற பூரிப்பில் இன்னொரு ஜாங்கிரி போடச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம். பாஸ்கரிடம் அதே வாதத்தை எடுத்து வைத்தேன்.

"இல்ல பாஸ்கர், நானே தொட்டுப் பாத்திருக்கேன். ஒரு தடவ இல்ல, நாலு தடவ."

பாஸ்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"இந்தச் செருப்போடயா சார்?"

நீல நிற ரப்பர் செருப்பு. பல வருடங்களுக்கு முன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்திருந்தேன். அன்றிலிருந்து செருப்பு இல்லாமல் பாத்ரூமுக்குள் நான் கால் வைப்பதில்லை. குளிப்பதே செருப்போடுதான். வசந்தாவுக்கு அது பிடிக்காது. வெறுங்காலோடுதான் குளிப்பாள்.

"ரப்பர் செருப்பு போட்டுகினு தொட்டா உங்களுக்கு எப்படி சார் தெரியும்? அக்கா வெறுங்கால்ல நிக்கிறாங்க. தரையெல்லாம் ஈரம். அவுங்களுக்குத்தான் அடிக்கும்" என்றார் பாஸ்கர்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். பிறகு ஏன் செருப்போடு போய்த் தொட்டேன்? வேண்டுமென்றா? இல்லை. யோசிக்கவே இல்லை. அவள் சொல்வது பிரமை என்று காட்டத்தான் போனேனே தவிர, உண்மையா என்று பார்க்கப் போகவில்லை.

"தண்ணியில கரண்டு எறங்குனாலும், எர்த் ஒழுங்கா இருந்தா அது இழுத்துகினு போயிடும் சார். உங்க எர்த்து குழி எங்க?" என்று கேட்டார் பாஸ்கர்.

வாசலுக்கு வந்தோம். குழி இருந்த இடத்தில் சிமென்ட் தளம். சில வருடங்களுக்கு முன் ஒரு புயல் மழையில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வாசலை உயர்த்த வேண்டும் என்று முடிவெடுத்தவன் நான். நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்தவனும் நான். 'இந்தப் பைப்பும் கம்பியும் தடுக்குதே சார்' என்று கொத்தனார் கேட்டபோது, 'பழசுதான், வெட்டிவுட்டு மூடிடுங்க' என்று சொன்னது... அதுவும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கட்டிய மனைவிக்கு வைத்திருக்கிறேன்.

"தளம் போட்டதுக்கு அப்புறந்தான் அடிக்க ஆரம்பிச்சுது" என்றாள் வசந்தா. அன்று காலை அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

பாஸ்கர் அவளைப் பார்த்தார். "இத்தன வருஷம் எப்படிக்கா சமாளிச்சீங்க?"

"குழாயத் தொறந்து பக்கெட்ட வச்சிட்டு வெளில வந்துதான் சுவிட்ச போடுவேன். ரொம்புனதும் அணைச்சிடுவேன். அதுக்கப்புறம் உள்ள போயி, மொண்டு ஊத்திக்குவேன். ஷவருலாம் தொடுறதே இல்ல."

தினமும் இது நடந்திருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே அவள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்திருக்கிறேன். 'ஒரு குளியலுக்கு இத்தனை ஊர்வலமா?' என்று கேட்டும் இருக்கிறேன்.

"போன வருஷம் பேத்தி வந்திருந்தாளே, அப்பகூட அடுப்புலதான் வெந்நி வச்சேன். அதுக்கும் இவுரு சிரிச்சாரு" என்றாள், என்னைக் காட்டி.

"நல்ல காரியம் பண்ணீங்கக்கா. சின்ன ஒடம்பு, தாங்காது" என்றார் பாஸ்கர். அவ்வளவுதான் சொன்னார். பையைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

எனக்கு முதலில் பயம். ஒன்றரை வயதுக் குழந்தை, ஈரத் தரை, அந்தக் குழாய்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அப்புறம் வெட்கம். பயம் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. வெட்கம் இதை எழுதும்போதும் இருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா? வருடக்கணக்கில் வசந்தா சொன்னதை நான் நம்பவில்லை. பாஸ்கரின் டெஸ்டர் எரிந்ததும் அந்த நொடியே நம்பினேன். ஒரு குட்டி விளக்குக்கு இருந்த மதிப்பு, என்னோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவளின் வார்த்தைக்கு இல்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஒரு பழமொழி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாருடைய தலைவலியும் நமக்கு வந்துகொண்டே இருக்குமா? வராத தலைவலியை என்ன செய்வது? சொல்கிறவரை நம்புவதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

நாம் என்ன செய்கிறோம்... 'எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே' என்கிறோம். அந்த பஸ்ஸில் போகவே பிடிக்கவில்லை என்று மகள் சொன்னால், 'நானும் அதுலதான் போறேன், நல்லாத்தானே இருக்குது' என்கிறோம். அந்த மேனேஜர் மோசம் என்று ஒருத்தி சொன்னால், 'என்கிட்ட தங்கமா பழகுவாரே' என்கிறோம். பொய் சொல்லவில்லை. நமக்கு நிஜமாகவே அடிக்கவில்லைதான்.

குமராட்சி வாசகரின் கடிதத்தை அன்று மத்தியானமே தேடி எடுத்தேன். போன் நம்பர் இல்லை. முகவரியில் பாதி அழிந்துவிட்டது. ஐயா, நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். இதையும் வீட்டில் உரக்கப் படியுங்கள். நான் எழுதியது தப்பு. உங்கள் வீட்டம்மா சொன்னது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். தயவுசெய்து இன்றைக்கே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்தக் குழாயை யாரும் தொட வேண்டாம்.

மறுநாள் பாஸ்கர் சிமென்ட் தளத்தை உடைத்து, புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டுப் புது எர்த் இறக்கினார். கரண்ட் கசிந்தால் தானாகவே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றும் மாட்டியிருக்கிறார். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் புது ஹீட்டர் சுவரேறும்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது வசந்தாவிடம் பேச்செடுத்தேன். "நான் பண்ணுனது தப்புதான். இந்த வாரம் பேப்பர்ல அப்படியே எழுதப்போறேன்."

"எழுதுங்க. அதுக்கும் ஊரு சிரிக்கிற மாதிரிதானே எழுதுவீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"கல்யாணத்துல அந்த அத்தை அப்படிப் பண்ணப்ப... கஷ்டமா இருந்துதா?"

"இருந்துது" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு ரெண்டு மாசமா சொல்றேன். நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னது ஞாபகம் இருந்தது. 'எனக்குந்தான் வாங்குது. வயசாவுதுல்ல' என்று சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். "என்னம்மா பண்ணுது?" என்று வசந்தாவைக் கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்வேன். வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். அவள் பேசினாள். படி ஏறினால் மூச்சு வாங்குவது, துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் நெஞ்சை அடைப்பது, நடந்தால் நாலு வீடு தாண்டி நின்றுவிட்டுப் போவது, இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருவது. டாக்டர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். அங்கேயே ஈசிஜி எடுத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். இன்னும் இரண்டு டெஸ்ட் இருக்கிறது, திங்கட்கிழமை போக வேண்டும்.

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றபோது அவளிடம் கேட்டேன். "இவ்வளவு இருக்குதே... இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன்" என்றாள்.